ஷேவிங் பிரஷ்ஷில் இருப்பது என்ன முடி? வாங்கும் முன்பும் பழக்கும்போதும் தெரிய வேண்டியவை

புதுச் செருப்பு கடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குதிகாலில் தோல் உரிந்தாலும் செருப்பைக் குப்பையில் போட மாட்டோம். உள்பக்கம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, வீட்டுக்குள்ளேயே நாலு நாள் போட்டு நடந்து பழக்குவோம். பத்து நாளில் தோல் நம் காலுக்கு வளைந்து கொடுத்துவிடும்.

இந்தப் பொறுமையை ஷேவிங் பிரஷ்ஷிடம் யாரும் காட்டுவதில்லை. நானும் காட்டவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆன்லைனில் ஒரு பிரஷ் வாங்கினேன். விலை குறைவு, மரக் கைப்பிடி, அட்டைப்பெட்டியில் ‘நேச்சுரல் பிரிஸில்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. பிரித்ததும் மழையில் நனைந்த ஆட்டுக் கொட்டகை வாசனை. வாசனை என்ன வாசனை, நாத்தம்தான். முதல் ஷேவிங்கில் முகத்தில் துடைப்பத்தால் தேய்த்த மாதிரி இருந்தது. குழைத்த நுரை ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. கன்னத்தில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் தூக்கி எறிந்துவிட்டேன்.

இதை வாணியம்பாடி நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அதே மாதிரி பிரஷ்ஷை அவன் ஆறு மாதமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறான். ‘நேச்சுரல் பிரிஸில்’ என்றால் பன்றி முடி என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அவன் ஐந்து வேளைத் தொழுகையாளி. “தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்டா” என்றான்.

ஆக, இந்தக் கட்டுரையில் இரண்டு கேள்விகள். கையில் இருக்கும் பிரஷ்ஷில் என்ன முடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பன்றி முடி பிரஷ் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால், அதை எப்படிப் பார்த்து வாங்கிப் பழக்குவது?

பிரஷ் எதற்கு?

டப்பாவை அழுத்தினால் வரும் ரெடிமேட் நுரைக்கு பிரஷ் தேவையில்லை. ஷேவிங் சோப்புக்கும் கிரீமுக்கும் தேவை. சோப்பு, தண்ணீர், காற்று மூன்றையும் சேர்த்து அடித்துக் கெட்டி நுரையாக்குவது பிரஷ்ஷின் முதல் வேலை. தாடி முடியைத் தூக்கி நிறுத்தி அதன் அடி வரை ஈரத்தைக் கொண்டுபோவது இரண்டாவது வேலை. காய்ந்த முடியை வெட்டுவதைவிட ஊறிய முடியை வெட்டுவது பிளேடுக்குச் சுலபம். காய்ந்த தோலில் கத்தி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிரஷ்ஷில் வரும் முடிகள் முக்கியமாக நான்கு வகை. பேட்ஜர் என்ற விலங்கின் முடி மிருதுவானது, விலை அதிகம். குதிரை முடி நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். பன்றி முடி விலை குறைவு, விறைப்பானது, நுனி பழகப் பழக மிருதுவாகும். நான்காவது நைலான் போன்ற செயற்கை இழை. பஜாரில் மளிகைக் கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் தொங்கும் மலிவான பிளாஸ்டிக் கைப்பிடி பிரஷ்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பன்றி முடி ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கான்பூர், தோலுக்குப் பெயர் பெற்றது போலவே பன்றி முடி வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அதே மாநிலத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் உள்ள ஷேர்கோட், பெயின்ட் பிரஷ் செய்யும் ஊர். உலகச் சந்தையில் பன்றி முடிக்குப் பெரிய நாடு சீனா. ஒரு காலத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷும் பன்றி முடியில்தான் வந்தது. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை பல் பிரஷ்ஷாகக் கடைக்கு வந்த பிறகுதான் அது மாறியது. அதற்கு முன்பு பிரஷ்ஷால் பல் விளக்கியவர்கள் பலர் பன்றி முடியை வாயில் வைத்துக்கொண்டுதான் விளக்கினார்கள்.

லேபிள் சொல்லாததை நெருப்பு சொல்லும்

ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் சொற்கள் நேராகப் பேசுவதில்லை. ‘போர்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் ஆண் பன்றி. ‘பிரிஸில்’, ‘பியூர் பிரிஸில்’, ‘நேச்சுரல் பிரிஸில்’ என்று மட்டும் இருந்தால் அநேகமாகப் பன்றி முடிதான். இத்தாலியப் பிரஷ்களில் ‘பூரா சேத்தோலா’ என்று இருந்தாலும் அதுவே. ‘சிந்தெடிக்’, ‘நைலான்’, ‘ஃபைபர்’ என்றால் செயற்கை. எதுவுமே போடாத பிரஷ்களும் உண்டு. ‘பிரிஸில்’ என்ற சொல்லைச் சிலர் செயற்கை இழைக்கும் போடுகிறார்கள் என்பதுதான் தலைவலி.

நிறத்தை நம்ப வேண்டாம். பேட்ஜர் முடியில் இயற்கையாகவே நடுவில் கறுப்புப் பட்டை இருக்கும். அதைப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பன்றி முடியிலும் நைலானிலும் சாயப் பட்டை போடுகிறார்கள்.

தோல் வேலை தெரிந்தவர்களிடம் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அசல் தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி நெருப்பில் காட்டுவார்கள். தோல் சுருண்டு கருகி முடி பொசுங்கும் வாசனை வரும். ரெக்சின் உருகிப் பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். பிரஷ்ஷுக்கும் இதே சோதனைதான். உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். விலங்கு முடி என்றால் தலைமுடி பொசுங்கும் அதே வாசனை வரும். மிஞ்சியதை விரலால் நசுக்கினால் பொடியாகும். நைலான் என்றால் உருகி, நுனியில் சிறு மணி போல உருண்டு, ஆறியதும் கெட்டியாக நிற்கும். ஒரே பிரஷ்ஷில் இரண்டையும் கலப்பதும் உண்டு என்பதால் வெவ்வேறு இடத்திலிருந்து மூன்று நான்கு முடிகளைப் பார்ப்பது நல்லது.

இந்தச் சோதனை விலங்கா பிளாஸ்டிக்கா என்று சொல்லும், எந்த விலங்கு என்று சொல்லாது. பன்றியும் குதிரையும் பேட்ஜரும் ஒரே மாதிரிதான் பொசுங்கும், ஏனென்றால் எல்லா முடியும் கெரட்டின் என்ற புரதம். அதற்கு நுனியைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால், பன்றி முடியின் நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். குதிரை முடியும் பேட்ஜர் முடியும் இப்படிப் பிளப்பதில்லை. செயற்கை இழையையும் இயந்திரத்தால் பிளக்க முடியும் என்பதால் நெருப்பு, நுனி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

எந்த விலங்கு என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிக தூரம் போக வேண்டாம், கோட்டை வரை போனால் போதும். சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக சர் ஜான் கிராடாக் இருந்தபோது, 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புது விதிகள் வந்தன. அணிவகுப்பில் தாடையை மழித்திருக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. கூடவே புதிய தலைப்பாகை, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். அந்தத் தோல் பசுவுடையதா, பன்றியுடையதா என்ற பேச்சு படைக்குள் பரவியது. 1806 மே மாதம் வேலூரில் தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், தலா 900 கசையடி. அந்த ஆண்டு ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் நிற்கிறது. புரட்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, திப்புவின் மகன்கள் அப்போது அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் பற்றவைத்த பொறிகளில் ஒரு சவர விதியும் ஒரு துண்டுத் தோலும் இருந்தன.

இஸ்லாமியச் சட்ட நூல்களில் பன்றி முடி பற்றிய ஒரு விவாதம் தோல் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. தையல் நூலின் நுனியில் பன்றி முடியை முறுக்கி ஊசி போலப் பயன்படுத்துவது உலகின் பல பகுதிகளில் செருப்புத் தைப்பவர்களின் பழைய பழக்கம். வளைந்த துளைக்குள் இரும்பு ஊசி போகாத இடத்திலும் முடி வளைந்து போகும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மர்கீனானியின் ‘ஹிதாயா’ என்ற ஹனஃபி சட்ட நூல், பன்றி முடியை விற்பது கூடாது என்று சொல்லிவிட்டு, தோல் தைப்பவர்கள் வேறு வழியின்மையால் அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. மாலிக்கி சட்டப்பள்ளி முடி விஷயத்தில் இன்னும் தளர்வானது. ஷேவிங் பிரஷ்ஷுக்கு ‘வேறு வழியில்லை’ என்ற வாதம் பொருந்துமா? அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் ஆலிம். ஒன்று மட்டும் தெளிவு: செயற்கை இழை பிரஷ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, இப்போதைய நல்ல செயற்கை இழைகள் முன்பு போல முகத்தைச் சுரண்டுவதும் இல்லை. என் நண்பன் அதற்கு மாறிவிட்டான். சைவ உணவுக்காரர்கள் சிலரும், விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்களும் அதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். பழக்க வேண்டிய தொல்லையும் இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே வேலை செய்யும்.

கிருமி பயம் தேவையா?

விலங்கு முடி என்றதும் வரும் அடுத்த கேள்வி இது. ஒரு காலத்தில் தேவைப்பட்டது. முதல் உலகப் போரின்போது விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காகப் படைவீரர்கள் மழமழவென்று சவரம் செய்தாக வேண்டியிருந்தது. பேட்ஜர் முடி தட்டுப்பாடு. அதன் பெயரில் குதிரை முடி பிரஷ்கள் வந்தன, சில சரியாகச் சுத்தம் செய்யப்படாதவை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள் கன்னத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் புண்களோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ரேஸர் போட்ட கீறல் வழியாக பிரஷ்ஷில் இருந்த வித்துகள் உள்ளே போயிருந்தன. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது.

ஆந்த்ராக்ஸை நம் ஊரில் அடைப்பான் என்பார்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும் தோல் மண்டிக்காரர்களுக்கும் தெரிந்த பெயர். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இந்தப் பகுதியில் மனிதர்களுக்கு வந்த அடைப்பான் நோயை ஆய்வுக் கட்டுரைகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் கால்நடைகளுக்கான அடைப்பான் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. பச்சைத் தோலையும் முடியையும் கையாள்பவர்களுக்குத்தான் இதில் ஆபத்து. பன்றி முடியோ, கழுவி, கட்டுக் கட்டாகக் கட்டி, வேகவைத்து நேராக்கிய பிறகே பிரஷ்ஷுக்குப் போகிறது. பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் புது பிரஷ்ஷில் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. சந்தையில் ‘பழங்காலப் பொருள்’ என்று விற்கும் பழைய பிரஷ்ஷை வாங்கி முகத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்றைய நிஜமான கிருமிப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சலூனில் ஆளுக்கு ஒரு புது பிளேடு போடுகிறார்கள், பிரஷ் மட்டும் காலையிலிருந்து ராத்திரி வரை ஒன்றே. ஒருவர் முகத்தில் உள்ள சீழ்க்கொப்புளமோ படையோ அடுத்தவர் முகத்துக்குப் போக அந்த ஈர பிரஷ் போதும். “அண்ணே, என் பிரஷ்ஷை எடுத்துட்டு வந்திருக்கேன்” என்றால் எந்த அண்ணனும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே பிரஷ்ஷைப் பகிர்வதும் வேண்டாம்.

பார்த்து வாங்குவது எப்படி?

கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் முதலில் நுனியைப் பாருங்கள். பன்றி முடி வேர்ப்பக்கம் தடிமனாகவும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். பிரஷ் கட்டும்போது வேரை உள்ளே வைத்து, நுனியை வெளியே விட வேண்டும். நுனி வெளிறி, லேசாகப் பிளந்து இருந்தால் சரி. வடிவம் வருவதற்காகக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். மெலிந்த நுனி போய், வெட்டிய கட்டை முனைதான் முகத்தில் படும். எவ்வளவு பழக்கினாலும் குத்தும்.

அடுத்தது உயரம். கைப்பிடிக்கு மேலே முடி 5 முதல் 6 சென்டிமீட்டர், அடிக்கட்டின் விட்டம் 22 முதல் 26 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். பேட்ஜரைவிடப் பன்றி முடி விறைப்பு என்பதால் உயரம் குறைந்தால் வளையாது, குச்சி போல நிற்கும். நேராக முகத்திலேயே நுரை அடிப்பவர்கள் கொஞ்சம் குட்டையானதையும், கிண்ணத்தில் அடித்துப் பூசுபவர்கள் நீளமானதையும் எடுக்கலாம்.

முடிக்கட்டை நடுவில் விரித்துப் பாருங்கள். உள்ளே பசை தெரியும் அளவுக்குக் காலியாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். ஒன்றிரண்டு உதிர்ந்தால் பரவாயில்லை, கொத்தாக வந்தால் வேண்டாம். கைப்பிடி மரம் என்றால் வார்னிஷ் இடைவெளி இல்லாமல் பூசியிருக்கிறதா பாருங்கள், ஈரம் இறங்கினால் வெடிக்கும். தகரப் பூண் போட்டது துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கைப்பிடியைக் கேவலமாக நினைக்க வேண்டாம், தினமும் தண்ணீரில் கிடக்கும் பொருளுக்கு அது நல்லதே.

பன்றி முடி பிரஷ்ஷுக்கு அதிகம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் போன்ற பெயர் பெற்ற தயாரிப்புகளிலேயே விலை குறைந்த மாடல்கள்தான் உலகம் முழுக்க அதிகம் பேர் கையில் இருக்கின்றன. விலை ஏற ஏறப் பெரும்பாலும் கைப்பிடிதான் அழகாகும். அந்தப் பணத்தில் இரண்டு சாதா பிரஷ் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அது ஏன் என்று கீழே வருகிறது.

பழக்கும் விதம்

முதல் நாள், வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டு நன்றாக அலசுங்கள். சாயம் போட்டது என்றால் தண்ணீர் கறுக்கும், தெளியும் வரை அலச வேண்டும். பிறகு முடி மட்டும் மூழ்கும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. உதறி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

அடுத்த நாளிலிருந்து, ஷேவ் செய்தாலும் செய்யாவிட்டாலும் தினமும் ஒரு முறை உள்ளங்கையில் நுரை அடியுங்கள். பிரஷ்ஷை நனைத்து, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றி, உள்ளங்கையில் இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். அலசி, உதறி, காய விடுங்கள். நாத்தம் அதிகம் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் நுரையை அப்படியே முடியில் விட்டு மறுநாள் அலசலாம். ஒரு வாரத்தில் வாசனை போய்விடும். வேர்ப்பக்கம் சரியாகப் பசையில் பிடிக்காத முடிகளும் அந்த ஒரு வாரத்தில் உதிர்ந்து முடிந்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் கைக்குத் தெரியும். நனைவதும் காய்வதும் திரும்பத் திரும்ப நடக்கும்போது முடியின் நுனி மேலும் மேலும் பிளக்கிறது. ஒரு முடி நாலைந்து மெல்லிய இழையாகிறது. அடிப்பாகம் விறைப்பாகவே இருக்க, நுனி மட்டும் மெத்தையாகிறது. தாடியைத் தூக்கி நிறுத்த விறைப்பும் வேண்டும், தோலுக்கு மென்மையும் வேண்டும். பழகிய பன்றி முடி பிரஷ் இரண்டையும் தரும்.

முதல் நாட்களில் நுரை காணாமல் போகும் மர்மத்துக்கு வருவோம். கெரட்டின் தண்ணீர் குடிக்கும் பொருள். முழுதாக ஊறிய முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பிரஷ்ஷைச் சும்மா குழாயில் காட்டிவிட்டு நுரை அடித்தால், இன்னும் தாகம் தீராத முடி நுரையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். நுரை வற்றிப் பசையாகிவிடும். நான் எறிந்த பிரஷ்ஷின் மீது எந்தக் குற்றமும் இல்லை. அதை ஊற வைக்கத் தெரியாதவன் நான். பன்றி முடி பிரஷ்ஷை ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துவிட்டுத்தான் சோப்பைத் தொட வேண்டும். குளிக்கப் போகும் முன் டம்ளரில் போட்டுவிட்டுப் போனால் வரும்போது தயாராக இருக்கும். நைலானுக்கு இது வேண்டாம்.

சீக்கிரம் பழக்குகிறேன் என்று கொதிக்கும் தண்ணீரில் போடுவது, நுனியைக் கல்லில் தேய்ப்பது, கத்தரிப்பது, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊற வைப்பது எல்லாம் பிரஷ்ஷைக் கெடுக்கும் வழிகள். கொதிநீர் பசையை இளக்கும், மரத்தை வெடிக்க வைக்கும். முடியைக் கெடுக்கும் ரசாயனம் எது என்று தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரிடம் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த குழியில் பச்சைத் தோலைப் போட்டால் ஒரே இரவில் முடி கூழாகிக் கழன்றுவிடும். காரம்தான் கெரட்டினுக்கு எமன். சவர சோப்பும் லேசான காரத்தன்மை உடையதுதான், ஆனால் பல மடங்கு வீரியம் குறைந்தது. ஒரு ராத்திரி நுரையோடு இருந்தால் ஒன்றும் ஆகாது. பழகிய பிறகு அதையே வழக்கமாக்கிவிடாமல், ஒவ்வொரு முறையும் சோப்பு போக அலசுவது நல்லது.

நம் ஊர்த் தண்ணீர்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு வாங்குபவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தினசரி அனுபவம். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு எந்த அளவுக்குக் கெடுத்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. தீர்ப்பு வந்துவிட்டது, கிணற்று நீரின் உப்பு அப்படி ஒரே நாளில் போகிற விஷயமில்லை.

கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதிலாக வெள்ளைப் படிவாகிவிடும். அந்தப் படிவு முடியின் அடியில் சேரச் சேர பிரஷ் சுண்ணாம்பு மட்டை மாதிரி ஆகும். “பிரஷ் பழகவே இல்லை, நாளுக்கு நாள் கெட்டியாகிறது” என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். ஊற வைக்கவும் நுரை அடிக்கவும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் வேண்டும். கேன் தண்ணீரிலோ காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்த தண்ணீரிலோ அதை எடுத்துக்கொள்ளலாம். முகம் கழுவப் போர் தண்ணீர் போதும். கொதிக்க வைத்து ஆற்றினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும் அடியில் படியும், உப்பு போகாது.

ஏற்கெனவே படிவு பிடித்த பிரஷ்ஷுக்கு: ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, முடியை மட்டும் ஐந்து நிமிடம் அதில் வைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வினிகர் இல்லையென்றால் அரை மூடி எலுமிச்சைச் சாற்றை ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்து வடிகட்டிக்கொள்ளலாம்.

காய வைப்பது

பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிற்க வைக்கலாமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாக உதறி, துண்டில் இரண்டு தடவை தட்டிவிட்டால் எப்படி வைத்தாலும் காயும். குளியலறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், காற்றாடும் ஜன்னல் ஓரம் நல்லது. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பிரச்சினை ஐப்பசி, கார்த்திகையில். முடியின் மையத்தில் இருக்கும் ஈரம் ஒரு நாளில் போகாது, மறுநாள் மறுபடி நனைப்போம், நாலைந்து நாளில் பூஞ்சை வாசனை வந்துவிடும். இரண்டு பிரஷ் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் ஒவ்வொன்றும் முழுதாகக் காய நேரம் கிடைக்கும். இரண்டும் மெதுவாகப் பழகும், அதனால் மழைக்காலத்துக்கு முன்பே, ஆடி ஆவணியில் வாங்கிப் பழக்க ஆரம்பிப்பது வசதி.

நான் மறுபடி வாங்கிய பன்றி முடி பிரஷ்ஷுக்கு இப்போது எட்டு மாதம். முதல் வாரத்தில் பதினேழு முடி உதிர்ந்தது, எண்ணினேன். கடைசியாக எப்போது உதிர்ந்தது என்று நினைவில்லை. வாணியம்பாடிக்காரனின் செயற்கை இழை பிரஷ் அதைவிட ஒரு வாரம் புதியது. அவன் வாங்கிய அன்றே ஒரு இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்த்துவிட்டு, உருகிய மணியைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.